நீலப் பாட்டு இறங்காதாம்

டிப்போவில் அவளுக்கு டைம் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால், அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லையே என்று ஓட்டுநர்களே கையை விரிப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வாசலைத் தாண்ட வேண்டும் என்று பலகையில் எழுதுவது அவள் வேலை. தாண்டாத வண்டியின் எண்ணை ஒலிபெருக்கியில் சொல்லி, டீ குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் மானத்தை வாங்குவது அவள் வேலையில் சேராது. அதை அவள் விருப்பப்பட்டுச் செய்தாள்.

“அக்காவுக்குக் கோபம்கூட டயத்துக்குத்தான்யா வரும்” என்று கேலி பேசுவார்கள். உண்மைதான். காரணமில்லாமல் அவள் கோபப்பட்டதில்லை. காரணம் கிடைத்துவிட்டால் லேசில் விட்டதுமில்லை. அந்த வருஷம் அவளுக்குக் காரணமாக வாய்த்தவர் ஒரு கிட்டார் மாஸ்டர்.

கூண்டுக்குள் மைக் பிடிக்கிறவளுக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் அவள் வீட்டுக்காரர் வழியாக வந்தது. அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பாடிக்கொண்டே அடிப்பார். ஊரில் அவரைப் ‘பாட்டுப் பெயின்டர்’ என்றால்தான் தெரியும். அதிலும் ஒரு பாட்டு அவருக்கென்றே யாரோ போட்டுக்கொடுத்த மாதிரி. தரையோரம் தொடங்கும்போது முணுமுணுப்பாகத் தொடங்கி, ஏணியில் ஏற ஏறக் குரலும் ஏறி, உச்சிப் படியில் நின்று கூரையோரம் பட்டை இழுக்கும்போது பாட்டும் உச்சிக்குப் போயிருக்கும். அடுத்த வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வந்து நின்று கேட்பார்கள். ‘உங்க வீட்டுக்கு எப்போ முடியுது? எங்களுக்கு அனுப்பிவைங்க’ என்பார்கள். சுவரைப் பார்த்துச் சொன்னார்களா, பாட்டைக் கேட்டுச் சொன்னார்களா என்று அவர் ஆராய்ந்ததில்லை.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபத்தில்லாத கட்டிதான். எடுத்துவிட்டார்கள். “குரல் கொஞ்சம் கனமாகும். பாடலாம். எட்டாத இடத்துக்குக் கத்தாதீங்க” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஓய்ந்திருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் மழித்தபடி அந்தப் பாட்டை எடுத்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. உச்சியில் குரல் கிழிந்த துணி மாதிரி இரண்டாகப் போயிற்று. கண்ணாடிக்குள் இருந்த ஆளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மிச்சக் கன்னத்தை மழித்து முடித்தார்.

டைம் அக்காவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. ஆள் இறங்கியிருக்கிறார், பாட்டு இறங்கவில்லை. பாட்டை இறக்கினால் தீர்ந்தது. ஒரு நடத்துநர் தன் போனில் பாட்டின் வாத்திய இசையை மட்டும் வைத்து, பட்டனைத் தட்டிச் சுருதியைக் குறைத்துக் காட்டினார். இறங்கியதென்னவோ உண்மை. ஆனால் வயலின்கள் எல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி அழுதன.

“எனக்கு ஆபரேஷன் ஆனது போதாதா? பாட்டுக்கும் பண்ணணுமா?” என்றார் வீட்டுக்காரர்.

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். வாத்தியம் நம் கையில் இருந்தால் அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நாம் இறங்கிப் போகலாம். பீரோக் கடைக்கு மேலே, வார்னிஷ் வாசனை ஏறிவரும் மாடியில் நடந்த கிட்டார் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

மாஸ்டருக்கு நல்ல கை. அதில் அவள் கடைசிவரை குறை சொன்னதில்லை. அவர் கிட்டாரைத் தொட்டால் கீழே பீரோவுக்குப் பூட்டுப் போடுகிறவன் சுத்தியலை நிறுத்திவிடுவான். சொல்லிக்கொடுக்கும் முறைதான் விசித்திரம். வந்து சேருகிறவர்களின் கிட்டார் கழுத்தில் வண்ண வண்ணப் பொட்டுகள் ஒட்டிவிடுவார். நீலப் பொட்டுகள் மேல் விரல் வைத்துக் கம்பிகளை மீட்டினால் அது நீலம். சிவப்பு, மஞ்சள், பச்சை, சாம்பல் என்று ஒவ்வொரு கூட்டொலிக்கும் ஒரு நிறம். நீலத்தில் தொடங்கும் பாட்டு நீலப் பாட்டு, சிவப்பில் தொடங்குவது சிவப்புப் பாட்டு.

முதலில் கற்றது சிவப்புப் பாட்டு. குழந்தைகள் பாட்டு. சிவப்பு, நீலம், மஞ்சள், நடுவில் ஒரு பச்சை. சுலபமாக வந்தது. அடுத்து, வீட்டுக்காரரின் பாட்டு வேண்டும் என்று கேட்டாள். அது நீலப் பாட்டு. நீலம், ஊதா, சிவப்பு, கொஞ்சம் சாம்பல்.

ஊதா என்றால் என்ன என்று கிட்டார் பழகியவர்களுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலைக் கட்டை மாதிரி படுக்கப்போட்டு ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்த வேண்டும். மற்ற விரல்கள் வேறு வேலை பார்க்க வேண்டும். அவளுக்கு விரல் வீங்கியது. கூண்டில் சுண்ணாம்புக்கட்டி பிடிக்க முடியவில்லை. பலகையில் எண்கள் கோணலாக விழுந்தன. “அக்காவுக்கு வீட்ல அடி விழுதுபோல” என்று ஒரு ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார். அவர் வண்டி எண் அன்றைக்கு ஒலிபெருக்கியில் மூன்று முறை வந்தது.

“மாஸ்டர், இந்த நீலத்துக்கு அப்புறம் ஏன் ஊதா வருது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஏன்னு கேட்டா சங்கீதம் வராதும்மா. பொட்டைப் பாருங்க, விரலை வைங்க.”

பக்கத்து நாற்காலியில் இருந்த இரும்புக்கடைக்காரர் சிரித்தார். “நான் ஒரு ஆணி குடுத்தாக்கூட எதுல அடிக்கப் போறீங்கன்னு கேட்டுத்தான் குடுப்பேன். இங்க கேள்வியே கேக்கக் கூடாதாம்.”

“உங்க கடையில கேளுங்க. இங்க வாசிங்க” என்றார் மாஸ்டர்.

வாசித்தாள். ஊதா பழகியது. பாட்டு முழுசாக வந்த அன்று, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் பாடினார். உச்சியில் மறுபடியும் கிழிந்தது. “நீ நல்லா வாசிக்கிற. கிழவன் குரலுக்கு இது அதிகம்” என்று எழுந்து தூரிகை கழுவப் போய்விட்டார். கழுவ வேண்டிய தூரிகை எதுவும் அன்றைக்கு இல்லை.

இங்கேயிருந்துதான் விஷயம் கோணலாகப் போனது.

“மாஸ்டர், இதே பாட்டைக் கொஞ்சம் இறக்கி வாசிக்கணும். என்ன பண்ணணும்?”

“இறக்கியா? அதெல்லாம் இறங்காதும்மா. அது நீலப் பாட்டு. நீலத்துலதான் இருக்கும்.”

“ஏத்தறதுக்கு ஏதோ கிளிப் இருக்குன்னு கடையில வாங்கிட்டு வந்தேனே?”

“அது ஏத்த மட்டும்தான். கழுத்துல மாட்டினா மேல போகும். கீழ போக வழி கிடையாது.”

வழி கிடையாது என்று சொன்னால் கேட்டுக்கொண்டு போகிறவள் இல்லை. கிளிப்பைக் கிட்டார் உறையின் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டில் தானே பார்த்தாள். கழுத்தின் குறுக்குக் கோடுகள் பிரித்த கட்டங்களில் விரல் மேலே போனால் ஒலி ஏறுகிறது. அப்படியானால் எல்லாப் பொட்டுகளையும் சில கட்டம் கீழே தள்ளி வைத்தால் இறங்கத்தானே வேண்டும்? தள்ளினாள். நீலத்தின் முதல் பொட்டு கழுத்தின் கடைசிக் கட்டத்தில்தான் ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே கம்பிகளை இறுக்கும் முறுக்காணிகள். விரல் வைக்க இடமே இல்லை. முனையைத் தாண்டிப் பொட்டை ஒட்டி வைத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தாள்.

சரி, கம்பிகளையே தளர்த்துவோம் என்று முறுக்காணிகளைத் திருகினாள். ஒலி இறங்கியது. வீட்டுக்காரர் குரலுக்குத் தேவைப்பட்ட அளவு இறங்குவதற்குள் கம்பிகள் ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொங்கின. மீட்டினால் மரத்தில் மோதிக் கடகடவென்றன. “என்ன, மாவு மெஷின் ஓடுது?” என்றார் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து. ஆனால் அவள் எதற்காக இந்தப் பாடு படுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவள் கூப்பிட்டபோது மறுக்காமல் வகுப்புக்கு வந்தார்.

அவரை நேரில் பார்த்தால், பாடக் கேட்டால், மாஸ்டருக்கு ஏதாவது தோன்றும் என்று நினைத்தாள். மாஸ்டர் நீலத்தில் வாசித்தார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நின்று பாடினார். உச்சியில் குரல் உடைந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மாஸ்டர் கம்பிகளை உள்ளங்கையால் அணைத்து நிறுத்தினார்.

“குரல் போயிடுச்சும்மா. அவர விட்டுடுங்க. வேணும்னா நம்ம வகுப்புல பின்வரிசைப் பொண்ணு பாடட்டும், நீங்க வாசிங்க. பாட்டு நல்லா வரும்.”

வீட்டுக்காரர் சிரித்தபடி, “ஆமாங்க, பழைய டப்பா, அடியில கொஞ்சம்தான் ஒட்டியிருக்கு” என்றார். படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வழக்கமாகப் பிடிக்காதவர்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, “இனிமே என்னைக் கூப்பிடாத. அந்தப் பேச்சே வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வீடுகளில் பெயின்ட் உருளை உருளும் சத்தம் மட்டும்தான். பாட்டு நின்றது பரவாயில்லை, பேச்சும் குறைந்தது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டினார். பெயின்ட் கடையில் யாரோ, “என்னண்ணே, ரேடியோ ரிப்பேரா?” என்று கேட்டதற்கு, கடையையே மாற்றிவிட்டார்.

வாரத்துக்கு வாரம் அவள் வகுப்புக்குப் போய் வந்தாள். கோபம் இருந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. பாட்டு இறங்காது என்றால் மாஸ்டர் என்ன செய்வார், பாவம்? நோயைத் திட்டலாமா, டாக்டரைத் திட்டலாமா என்று இருந்தாள்.

அப்போதுதான் டிப்போவின் ஆண்டு விழா வந்தது. பணிமனைக் கொட்டகையில் வண்டிகளை வெளியே விட்டு, எண்ணெய்க் கறையின் மேல் தார்ப்பாய் விரித்து மேடை போட்டிருந்தார்கள். பாட்டுக் கச்சேரிக்கு வந்த குழுவில் கிட்டார் நம் மாஸ்டர்தான். டைம் அக்காவுக்குத் தண்ணீர்க் குவளைகளை மேடைக்குக் கொடுக்கும் பொறுப்பு. மேலாளரின் மனைவி பாட ஆசைப்பட்டு மேடையேறினார். என்ன பாட்டு என்று கேட்டதற்கு அவர் சொன்னது வேறெதையும் இல்லை. அதே நீலப் பாட்டை.

மாஸ்டர் நீலத்தில் தொடங்கினார். அம்மாள் ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “ரொம்ப மேல இருக்கே சார். ரெண்டு கட்டை இறக்கிடுங்களேன்.”

“அதுக்கென்ன மேடம், தாராளமா” என்றார் மாஸ்டர். கீபோர்டுக்காரரைப் பார்த்து இரண்டு விரலைத் தரைப்பக்கம் காட்டினார். அவ்வளவுதான். அடுத்த மூச்சில் மொத்தக் குழுவும் பாட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, எதுவும் நடக்காத மாதிரி வாசித்தது. அம்மாள் உச்சியைத் தொட்டார். கைதட்டல் விழுந்தது.

டைம் அக்கா தண்ணீர்க் குவளையோடு மேடையோரம் நின்றிருந்தாள். அதுக்கென்ன மேடம், தாராளமா. அந்தச் சொல் அவள் காதுக்குள் ஒலிபெருக்கி மாதிரித் திரும்பத் திரும்ப ஓடியது. இறங்காதாம். நீலத்துலதான் இருக்குமாம். கீழே போக வழி கிடையாதாம். மேலாளரின் மனைவிக்கு ஒரு மூச்சில் இறங்குகிற பாட்டு, பெயின்ட் அடிக்கிறவனுக்கு மட்டும் ஆணியடித்த மாதிரி நிற்குமா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய ஆளை நினைத்தாள். குவளையிலிருந்த தண்ணீர் புடவையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

அங்கேயே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பாள். ஆனால் அவள் கோபம் நேரம் பார்க்கும் கோபம். முதலில் தெரிய வேண்டியது தெரியட்டும் என்று கச்சேரி முடிகிறவரை காத்திருந்தாள். மாஸ்டர் சாப்பிடப் போனதும், வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த கீபோர்டுக்காரரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, ரெண்டு விரலைக் காட்டினாரே. அதுல என்ன பண்ணீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்துச் சலிக்காத முகம். “நீங்க வாசிப்பீங்களாம்மா?”

“அந்தப் பாட்டை நீலம், ஊதா, சிவப்பு, கொஞ்சம் சாம்பல்னு வாசிப்பேன்.”

“நிறத்துலயா? நல்ல கூத்தா இருக்கே” என்று சிரித்தவர், கீபோர்டை மறுபடியும் திறந்தார். “ச ரி க ம தெரியுமில்ல? பாட்டு எந்த இடத்துல ஆரம்பிக்குதுங்கிறது பாட்டே இல்லம்மா. ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு தூரம், அதுதான் பாட்டு. தூரம் மாறாம எங்க வேணா எடுத்துட்டுப் போகலாம்.”

“முதல் வண்டி பத்து நிமிஷம் தள்ளிக் கிளம்பினா, பலகையில எல்லா வண்டியையும் பத்து நிமிஷம் தள்ளி எழுதுவேன். அந்த மாதிரியா?”

“அதேதான். ஆனா எல்லா இடைவெளியும் ஒரே அளவு கிடையாது. பாருங்க, இங்கயும் இங்கயும் நடுவுல கறுப்புக் கட்டை இல்ல. க-வுக்கும் ம-வுக்கும் நடுவுல பாதிதான் தூரம். நி-க்கும் மேல் ச-வுக்கும் அப்படித்தான்.”

“காலைல பள்ளிக்கூட நேரத்துல வண்டியை நெருக்கி விடுவோம்.”

“அட, நீங்க எனக்கே சொல்லிக் குடுப்பீங்கபோல. உங்க கிட்டார்ல முழுத் தூரம்னா ரெண்டு கட்டம், பாதின்னா ஒரு கட்டம். உங்க நீலத்தை ச-ன்னு வச்சுக்குங்க. ம-வுல நிக்கிறது ஊதா, ப-வுல சிவப்பு, த-வுல சாம்பல். அந்தப் பாட்டுக்கு வேணுங்கிறது ச, ம, ப, த. நிறம் கிடையாது. ச-வை வேற இடத்துல வைங்க, மிச்சத்தைத் தேடுங்க.”

“எங்க வைக்கிறது?”

“உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம், நீலத்துக்குக் கீழ எது இருக்கோ அங்க. சிவப்பே கீழதான் இருக்கு. அதுல வச்சுப் பாருங்களேன்.”

இவ்வளவுதான். வயர் சுற்றும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். இந்த இத்தனூண்டு விஷயத்துக்குத்தான் அவள் வீட்டில் இத்தனை மாதம் உப்புக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, வீட்டுக்காரர் திரும்புவதற்கு முன் உட்கார்ந்தாள். தடித்த கம்பியில் சிவப்பின் அடி ஒலியைத் தேடிப் பிடித்து ச என்றாள். அங்கிருந்து இரண்டிரண்டு கட்டமாக ஏறினாள். ரி சரி, க சரி, ம-வில் காது கூசியது. எங்கே தப்பு? எல்லா வண்டிக்கும் ஒரே இடைவெளி விட்டிருக்கிறாள். பள்ளிக்கூட நேரம்! விரலை ஒரு கட்டம் பின்னால் இழுத்தாள். ம வந்தது. அந்த ஒலியை எங்கேயோ கேட்டிருக்கிறாளே? நீலத்தின் அடி ஒலி. ப எது என்று ஏறிப் பார்த்தாள். மஞ்சள். த-வில் நின்றது பச்சை.

சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை.

அவள் கையிலிருந்த கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். அது முதன்முதலில் கற்ற குழந்தைப் பாட்டு. அந்த நான்கு நிறங்களும் முதல் மாதத்திலேயே அவள் விரலில் இருந்தவை. இரண்டு பாட்டுக்கும் ஒரே குடும்பம், குடியிருக்கும் வீடுதான் வேறு. யாரும் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, சிவப்பில் இறக்கினால் இந்தப் பாட்டில் ஊதாவே கிடையாது. விரல் வீங்கி, சுண்ணாம்புக்கட்டி பிடிக்க முடியாமல், ஓட்டுநர்களிடம் பேச்சு வாங்கியதெல்லாம் தேவையே இல்லாத ஒரு ஊதாவுக்காக.

அடுத்த வகுப்புக்கு அவள் முதல் ஆளாகப் போனாள். எல்லோரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தாள்.

“மாஸ்டர், ஒரு பாட்டு வாசிக்கிறேன். கேளுங்க.”

நீலப் பாட்டைச் சிவப்பில் வாசித்தாள். மாஸ்டரின் முகம் இரண்டாவது வரியிலேயே மாறியது.

“யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரு சொன்னா என்ன? இறங்காதுன்னீங்களே. எங்க மேலாளர் சம்சாரம் கேட்டப்போ மட்டும் எப்படி இறங்குச்சு?”

“அம்மா, அது கச்சேரி. இது வகுப்பு. நானும் ஆரம்பத்துல சுரம், தூரம் எல்லாம் சொல்லித்தான் குடுத்தேன். அடுத்த வாரமே பாதி நாற்காலி காலி. எல்லாருக்கும் பாட்டு வேணும், பாடம் வேண்டாம். பயந்து ஓடிடுறாங்க. அதுக்குத்தான் இந்தப் பொட்டு.”

“சொல்லிக் குடுக்கலேங்கிறது என் கோபம் இல்ல மாஸ்டர். அது உங்க இஷ்டம். இருக்கிறத இல்லேன்னீங்க பாருங்க, அதுதான். ‘இறங்கும், இப்போ உங்களுக்கு வராது, பொறுங்க’ன்னு சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பேன். வழியே கிடையாதுன்னீங்க. நின்னு பாடினவர் தன் தொண்டைதான் குத்தம்னு நெனச்சுட்டாரு. இத்தனை பேர் முன்னாடி குரல் போச்சுன்னீங்க. போகல. கீழ இருக்கு. குனிஞ்சு பார்க்க உங்களுக்குச் சோம்பல்.”

“நான் அவர் நல்லதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

அவள் நகத்தால் கிட்டார் கழுத்திலிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தாள். உரித்ததைத் தரையில் போடவில்லை, மாஸ்டரின் மேஜை விளிம்பில் வரிசையாக ஒட்டினாள். இரும்புக்கடைக்காரர் தன் கிட்டாரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். “மாஸ்டர், அப்போ எனக்கும் அந்த ஊதா வேண்டாம். ஊதா இல்லாத இடத்துக்கு என் பாட்டைக் கொண்டுபோங்க” என்றார். பின்வரிசையில் பாடுகிற பெண், “அந்தத் தூரக் கணக்கு எனக்கும் வேணும் சார். நான் ஓட மாட்டேன்” என்றாள்.

“எல்லாம் தெரிஞ்சவங்களே நடத்திக்குங்க” என்று மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டைம் அக்கா உறையை மூடி, தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். கோபம் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. ஆனால் அவளுக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருந்தது.

வீட்டில் சொன்னால் நடக்காது என்று தெரியும். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “அந்தப் பேச்சு வேண்டாம்னேன்ல” என்று எழுந்து போய்விட்டார். ஆகவே விடுமுறை நாளில், அவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கே போனாள். புது வீடு. ஆட்கள் குடிவரவில்லை. தரையெல்லாம் பழைய செய்தித்தாள், நடுவில் ஏணி, ஜன்னலில் கண்ணாடிகூடப் போடவில்லை. சாப்பாட்டுக் கேரியரை மூலையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்தாள்.

“சாப்பாடு வச்சாச்சில்ல? கிளம்பு. புடவையில தெறிக்கும்” என்றார் அவர் ஏணியிலிருந்து, திரும்பாமல்.

“தெறிக்கட்டும்.”

கிட்டாரை எடுத்தாள். அவர் முதுகு விறைத்தது. தூரிகை நிற்கவில்லை. அவள் தொடங்கினாள். சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு. வெற்று அறை, ஒலி நன்றாக வளர்ந்தது. ஒரு சுற்று வாசித்தாள். பாடச் சொல்லிக் கேட்கவில்லை. இன்னொரு சுற்று வாசித்தாள்.

“இது என்ன, வேற மாதிரி இருக்கு?” என்றார், சுவரிடம்.

“பாட்டு அதேதான். கீழ இறக்கியிருக்கேன்.”

“இறங்காதுன்னான் அவன்.”

“அவன் கிடக்கான்.”

தூரிகை கூரையோரமாக ஒரு நீளப் பட்டை இழுத்தது. அடுத்த பட்டை தாளத்தோடு வந்தது. அதற்கடுத்த சுற்றில், தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் ஆள் மாதிரி முதல் வரியைப் பாடினார். குரல் முன்னைவிடக் கனம். சரளைக்கல் மேல் வண்டி மெதுவாகப் போகிற மாதிரி. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம். இரண்டாவது வரி. ஏறத் தொடங்கியது. உச்சி வரும் இடத்தில் அவள் விரல் தானாக இறுகியது. கிழியும் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

கிழியவில்லை. உச்சி வந்தது, நின்றது, இறங்கியது. கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே தெருவுக்கும் போயிருக்க வேண்டும். கீழே சைக்கிளில் போன யாரோ மணியடித்தார்.

அவள் கடைசிக் கூட்டொலியை மீட்டிவிட்டு நிறுத்தினாள். அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியது. பிறகு முதல்முறையாகத் திரும்பிக் கீழே பார்த்தார். பார்த்த பார்வையில் பழைய ஆள் இருந்தார்.

“ஆரம்பம் ரொம்பக் கிணத்துக்குள்ள இருக்கு, டைம் மேடம். மூச்சு முட்டுது. அரைக் கட்டை ஏத்து.”

இத்தனை மாதம் இறக்கு இறக்கு என்று அவள் பட்ட பாடென்ன, இந்த ஆள் சாவகாசமாக ஏணியில் நின்றுகொண்டு ஏத்து என்கிறார். “ஏன், ஐயாவுக்கு நான் என்ன ரேடியோப் பட்டனா?” என்று சத்தம் போட்டுக்கொண்டே, உறையின் பைக்குள் கைவிட்டுத் துழாவி அந்தக் கிளிப்பை எடுத்தாள். முதல் கட்டத்தில் மாட்டினாள். டக்கென்று உட்கார்ந்தது.

“ம், ஆரம்பிங்க. வண்டி ஏற்கெனவே லேட்டு.”